இருசாயி வீட்டுக் கதவு

கொல்லிமலையில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, மூங்கிலில் கோத்து, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினால், உள்ளே சீக்காளி இருக்கிறார் என்று அர்த்தம். பிரசவம் சிக்கலான பொம்பளையாக இருக்கலாம், மிளகு பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவனாக இருக்கலாம். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று, "ஆருக்கு என்னாச்சு சாமி?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

அன்றைக்கும் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குகிற தடத்தில் அப்படித்தான் கேட்டார்கள். தூளிக்குப் பின்னால் கூடையைச் சுமந்துகொண்டு வந்த பாவாயிதான் பதில் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. எங்க அப்புச்சி சேலத்துக்குப் போறாரு."

"நடக்க முடியலீங்களா, பாவம்?"

"காலே இல்லீங்க. கம்பிதான் நாலு இருக்குது."

கேட்டவர் திருதிருவென்று விழித்தார். பாவாயி சிரித்துக்கொண்டே கம்பளியை ஒரு ஓரம் விலக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு வாத்தியம் படுத்திருந்தது. நிறுத்தி வைத்தால் ஆள் உயரம் வரும், கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காது. மாண்டலின் குடும்பத்திலேயே மூத்தது அதுதான். மாண்டோபாஸ் என்று பெயர். அந்தப் பெயர் அவர்கள் ஊரான கரையங்காட்டுப்பட்டியில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. நுழையாவிட்டால் என்ன, ஊரே சேர்ந்து வேறு பெயர் வைத்துவிட்டது. கையடக்கமான மாண்டலின் குட்டி. அதற்கு அடுத்த மாண்டோலா அக்கா. மடியில் வைத்து வாசிக்கிற மாண்டோசெல்லோ, அம்மாவைப் பெற்றவளை அழைக்கிறபடி அம்மாயி. எல்லாவற்றுக்கும் பெரியது, அம்மாயிக்குத் துணையாக, அவள் புருஷன் அப்புச்சி. சின்னது மூன்றும் பாவாயியின் கூடையிலும் அவள் புருஷன் ராசப்பனின் தோளிலுமாக வந்தன.

ராசப்பன் தச்சு வேலைக்காரன். ஏரும் உலக்கையும் மேளக்கட்டையும் செய்துகொண்டிருந்தவன். காப்பித் தோட்டத்துக் கணக்கர் ஒருவர் கழுத்து முறிந்த மாண்டலின் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டித்தரச் சொன்னார். ஒட்டித்தர வேண்டியதுதானே? இவன் அதன் வயிற்றுக்குள் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பலாவில் ஒன்று தானே செய்துவிட்டான். ஆடிப்பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரரைக் கும்பிட மலையேறிய சேலத்து வாத்தியக்கடை மாதேஸ்வரன் முதலாளி அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, சாமி கும்பிட்டாரோ இல்லையோ, நேராக இவன் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் ஒரு படம். ஒரே மாதிரி நாலு வாத்தியம், சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் வரிசையாக. "நாலும் செஞ்சு குடு ராசப்பா. தை மாசம் சேலத்துல வாத்தியப் பொருட்காட்சி நடக்குது. கம்பியும் முறுக்காணியும் நான் தர்றேன்" என்றார். அதுவரைக்கும் நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக்கூடாது.

குட்டியும் அக்காவும் அம்மாயியும் தகராறு பண்ணாமல் வந்தார்கள். அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக் கிடந்த பலகைகள் அவற்றுக்குப் போதுமாக இருந்தன. அப்புச்சிக்குத்தான் பலகை இல்லை. ஈரம் காயாத புது மரத்தை அறுத்து, வஜ்ஜிரம் போட்டு ஒட்டி முடித்தான். ஒரு மத்தியானம் அது 'டப்'பென்று மேலிருந்து கீழ் வரைக்கும் பிளந்துகொண்டது. ராசப்பன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சோறு வேண்டாம் என்றான். அவனுக்குப் பேச்சே கொஞ்சம்தான், அதுவும் நின்றுபோயிற்று.

பாவாயிதான் எழுந்தாள். "பழைய பலகை இருந்தா ஆவுமா?" என்று கேட்டாள். ஆகும் என்று தலையாட்டினான். கொண்டையை முடிந்துகொண்டு வீடு வீடாகப் போனாள்.

மலையில் வீட்டு மரத்தை யாரும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். ஆனால் கேட்டது பாவாயி. பிரசவமென்றால் முதலில் ஓடி வருகிறவள் அவள், சண்டையென்றால் முதலில் விலக்கிவிடுகிறவளும் அவள்தான். பொன்னாயி பரணில் ஒரு பலகையைக் கழற்றிக் கொடுத்தாள். முத்தன் மாட்டுக்கொட்டகைத் தடுப்புப் பலகையைக் கொடுத்தான். பாப்பாத்தி சாமைக் குதிரின் மூடியைத் தந்தாள். இப்படியே அப்புச்சியின் விலாவுக்கெல்லாம் மரம் சேர்ந்தது. முதுகுக்கு மட்டும் சேரவில்லை. முதுகுக்கு அகலமாய், முடிச்சில்லாமல், ஒரே பலகையாக வேண்டும். அப்படி ஒன்று ஊரிலேயே ஓரிடத்தில்தான் இருந்தது. அது இருசாயியின் வாசலில் கதவாக நின்றது.

இருசாயி புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லாதவள், ஆனால் வாய் உள்ளவள். அந்தக் கதவு அவள் புருஷன் ஒற்றைப் பலாவில் அறுத்துப் போட்டது. பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் பூசுவாள். அதன்மேல் கை வைத்துச் சாய்ந்து நின்றால்கூட, "ஏன், உங்கூட்டுல செவுரு இல்லியா?" என்பாள். அவளிடம் போய்க் கதவைக் கேட்பதா? ஊரே வேண்டாமென்றது. பாவாயி போனாள்.

"எங்கூட்டுக் கதவைக் கொண்டுட்டுப் போயி என்ன கண்ணு பண்ணப்போற?"

"சேலத்துல பெரிய கொட்டகையில நிக்கும் அத்தே. சீமையிலிருந்து வந்த வாத்தியத்துக்கெல்லாம் நடுவுல நிக்கும். எந்த ஊருன்னு கேப்பாங்க. நம்மூருப் பேரைச் சொல்லுவாங்க."

"நம்மூருப் பேரா? காளப்பநாயக்கன்பட்டியிலயே பாதிப் பேருக்குத் தெரியாது. சேலத்துல எவன் சொல்லுவான்?"

"சொல்லுவாங்க அத்தே. நான் சொல்ல வெக்கறேன். இது என் வாக்கு."

இருசாயி கதவின் மஞ்சளை ஒரு தரம் தடவினாள். பிறகு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, தானே கதவை நெம்பினாள்.

அன்றையிலிருந்து அவள் வாசலில் ஒரு சாக்குத்தான் தொங்கியது. ஆடு உள்ளே புகுந்து அரைமூட்டைத் தினையைத் தின்றுவிட்டுப் போயிற்று. கிணற்றடியில், "கதவில்லாத ஊட்டுக்காரி வாரா, வழி உடுங்க" என்று கேலி பேசினார்கள். எத்தனையோ பேர் வாயை அடைத்தவள் இதற்கு மட்டும் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. பாவாயிதான் பொழுது சாய்ந்தால் போய் அந்தச் சாக்கை இழுத்துக் கட்டிவிட்டு வருவாள்.

கதவில் நாதாங்கி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ராசப்பன் அதை வட்டமாகச் சீவி, வெளுத்த குமிழ மரத்தில் ஒரு வில்லை செய்து அடைத்தான். மெருகு போட்டதும் கரும்பொன் நிற முதுகில் அந்த வில்லை ஒரு காசு போலப் பளிச்சென்று தெரிந்தது. மறைக்கலாமா என்று பாவாயி கேட்டதற்கு, "எதுக்கு?" என்று மட்டும் சொன்னான்.

இப்படிச் செய்ததுதான் அப்புச்சி. கீழே இறங்கி, பஸ் கூரையில் வைக்கோலுக்கு நடுவில் படுத்து, ராசிபுரம் வழியாகச் சேலம் போய்ச் சேர்ந்தார்.

பொருட்காட்சிக் கொட்டகையைப் பார்த்ததும் பாவாயிக்குத் திறந்த வாய் மூடவில்லை. ஒரு பக்கம் ஆர்மோனியம் அடுக்கு அடுக்காக, ஒரு பக்கம் பித்தளை பேண்டு, ஒரு பக்கம் பூவிதழ் மாதிரி வாய் திறந்த கிராமபோன் பெட்டிகள். பகலிலேயே மின்சார விளக்கு எரிந்தது. நடுவில் ஒரு மேடை. அதில் தகரக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். எந்தக் கடை வாத்தியம் மேடைக்கு வந்தாலும், வாசிப்பதற்கு முன்னால் அவர் கடைக்காரரைப் பார்த்து, "எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்பார். கடைக்காரர் சொல்வதைக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கூவுவார். பாவாயி அதைக் கேட்டு, ராசப்பனை முழங்கையால் இடித்தாள். "கேட்டீங்களா? ஊருப் பேரைத்தான் கூவறாங்க."

அப்புறம்தான் மாதேஸ்வரன் கடைமேல் தொங்கிய பலகையைப் பார்த்தார்கள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் படித்துச் சொன்னார். 'ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய அதிசய மாண்டலின் குடும்பம்' என்று எழுதியிருந்ததாம்.

"ஏனுங்க முதலாளி, இதென்னங்க?" என்றாள் பாவாயி.

மாதேஸ்வரன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு குரலைத் தணித்தார். "வியாபாரம்மா. மலையில செஞ்சதுன்னா எவன் தொடுவான்? நாடகக் கம்பெனி குப்புசாமி முதலாளி வர்றாரு. நாலையும் சேத்து எடுத்துக்குவாரு. மதராஸ், கொழும்புன்னு அவரு கம்பெனி போகாத ஊரு இல்ல. உங்க வாத்தியம் அங்கெல்லாம் போவும். ரெண்டு பேரும் சுமை தூக்க வந்த ஆளுங்கன்னு சொல்லியிருக்கேன். வாயைத் தொறந்தீங்க, நாலையும் இப்பவே கட்டித் தூக்கிட்டுப் போயிரலாம்."

புளுகு என்றால் புளுகு, கூசாத புளுகு! பாவாயிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிற்று. ராசப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் குப்புசாமி வந்தார். பட்டுத் துண்டு, வெள்ளிப்பூண் குடை, கூடவே அவர் கம்பெனி வாத்தியக்காரர்கள். "எந்த ஊர்ச் சரக்கு?" என்று தகரக்குழாய்க்காரர் கேட்க, "ஜெர்மனி!" என்று மாதேஸ்வரன் உரக்கச் சொன்னார். "ஜெர்ர்மனி!" என்று கொட்டகை முழுக்க முழங்கியது. குட்டியை ஒருவர் வாசித்தார், அக்காவை ஒருவர், அம்மாயியை ஒருவர். அப்புச்சியைப் பருத்த விரல்காரர் ஒருவர் நிறுத்திப் பிடித்து மீட்டினார். கூட்டம் சொக்கிப்போயிற்று. ஆர்மோனியக் கடைக்காரர்கள்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு எட்டிப்பார்த்தார்கள்.

குப்புசாமி அப்புச்சியைச் சுற்றிச்சுற்றி வந்தார். "பார்த்தீங்களாய்யா மரத்தை? இந்த மாதிரி மரம் நம்ம நாட்டுல எங்கய்யா வெளையுது? வெள்ளைக்காரன் கை பட்டாத்தான் இப்படி வேலை வரும்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். பிறகு முதுகில் இருந்த வில்லையைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

"அதுங்களா? கம்பெனி முத்திரை" என்றார் மாதேஸ்வரன். கண் இமைக்கவில்லை மனுஷன்.

பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு வந்து முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுக் குப்புசாமி புறப்பட்டதும், கொட்டகைக்கு வெளியே ராசப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு மாதிரி நிக்கறீங்களே! உங்க வேலைங்க. எவனோ வெள்ளைக்காரன் செஞ்சதுன்னு சொல்றாங்க."

"சத்தம் கேட்டியா புள்ள?" என்றான் ராசப்பன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அத்தன பேரும் கம்முனு ஆயிட்டாங்க பாத்தியா? அது போதும். பேரு போனாப் போகுது."

"உங்களுக்குப் போதும். நான் இருசாயி அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். அவ ஊட்டுல சாக்கு தொங்குது."

ராசப்பன் துண்டை விரித்து உட்கார்ந்தான். கோபம் வந்தால் கத்துகிறவளுக்குக் கத்தாத புருஷன் வாய்ப்பது பெரிய கஷ்டம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் அவன் குனிந்த தலை நிமிராமல் இழைத்தது அவளுக்குத் தெரியாதா? தன் வாய் திறந்தால் அத்தனையும் கம்பளியில் திரும்ப மலையேறும். திறக்காவிட்டால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது? எப்படிப் பார்த்தாலும் ஒரு பக்கம் இடித்தது.

மறுநாள் குப்புசாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்த நேரம் பார்த்து, கொட்டகை வாசலில் ஒரே சத்தம். பாவாயி திரும்பிப் பார்த்தாள். கரையங்காட்டுப்பட்டியே வந்து நின்றது! பொன்னாயி, முத்தன், பாப்பாத்தி, இன்னும் பலகை கொடுத்த அத்தனை வீட்டிலிருந்தும் ஆள். வாழைத்தார் ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தோளில் கம்பளி, தலையெல்லாம் புழுதி. முன்னால் இருசாயி, காவல்காரனிடம் ஏதோ வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏன் வந்தார்கள் என்று பாவாயிக்குச் சொல்லாமலே தெரியும். அந்த ஊரில் ஒரு முறை உண்டு. வீட்டுப் பொருளை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதோடு விட்டுவிட மாட்டார்கள். மாட்டைக் கொடுத்திருந்தால், வழியில் அதைக் கண்டதும் நெற்றியைத் தொட்டு, "இன்னார் ஊட்டு மாடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகருவார்கள். சொல்லாமல் போனால் அந்தப் பொருள் அனாதையாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பலகை சேலத்தில் நிற்கிறதென்றால் சேலத்துக்கு வந்துதானே தொட வேண்டும்? வந்துவிட்டார்கள்.

மாதேஸ்வரனுக்கு முறை தெரியாவிட்டாலும் ஆபத்து தெரிந்தது. "ஏம்மா, உங்க சனமா? ஓடு, ஓடு. வாசல்லயே நிறுத்து. உள்ள வந்தாலும் ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு சொல்லு. உம் புருஷன் பொழப்பு உங்கையிலதான் இருக்கு, தாயே" என்று கையைக் கூப்பாத குறையாகக் கெஞ்சினார்.

பாவாயி வாசலுக்குப் போனாள். கால் நடந்ததே தவிர, என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருசாயி அவள் கன்னத்தைத் தடவினாள். "எளச்சுட்டியே கண்ணு. எங்கூட்டுக் கதவு சௌக்கியமா?" என்றாள். பிறகு, மெல்ல, கேட்கவே பயந்தவள் மாதிரிக் கேட்டாள். "பேரு சொன்னாங்களா?"

'சொன்னாங்க அத்தே' என்று ஒரு வார்த்தை போதும். எல்லாரும் சந்தோஷமாக அடுத்த லாரியில் திரும்பிவிடுவார்கள். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. இருசாயியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல அத்தே. இன்னும் சொல்லல" என்றாள் பாவாயி. "வேற ஊரைச் சொல்றாங்க. வாங்க எல்லாரும். அவங்கவங்க பலகையைத் தொட்டுட்டு, வாய் நெறயச் சொல்லுங்க."

காவல்காரனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் விலகிக்கொண்டான்.

வெறுங்காலோடு, வரிசையாக, கோயிலுக்குள் போகிற மாதிரி உள்ளே வந்தார்கள். அப்புச்சி மேடைமேல் நின்றார். பருத்த விரல்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் பொன்னாயி. வலது விலாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொன்னாயி ஊட்டுப் பரண் பலகை" என்றாள். அடுத்து முத்தன், "முத்தன் ஊட்டுக் கொட்டகைப் பலகை." பாப்பாத்தி, "பாப்பாத்தி ஊட்டுக் குதிரு மூடி." ஒருவர் பின் ஒருவராகத் தொட்டார்கள், சொன்னார்கள், கும்பிட்டார்கள், ஒதுங்கி நின்றார்கள். கொட்டகையில் இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. எல்லாக் கடைக்காரர்களும் இங்கே திரும்பிவிட்டார்கள்.

கடைசியாக இருசாயி. அவள் நேராக முதுகுப்பக்கம் போனாள். மெருகு போட்ட பலகையில் தன் முகம் தெரிவதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாள். அடையாளம் தெரியாமல் மேலும் கீழும் தடவினாள். விரல் அந்த வில்லையில் வந்து நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"இருசாயி ஊட்டுக் கதவு!" என்றாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. "இந்தா இருக்குது பாரு, நாதாங்கி ஓட்டை!"

குப்புசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். "யோவ் மாதேஸ்வரா, கம்பெனி முத்திரைன்னீரே?"

"அது வந்துங்க, ஜெர்மனியில..."

"ஜெர்மனியிலயும் நாதாங்கி உண்டோ?" என்று கூட்டத்தில் எவனோ கேட்டான். அவ்வளவுதான், கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. மாதேஸ்வரன் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

குப்புசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரன் கை பட்டால்தான் வேலை வரும் என்று நேற்று நாலு பேர் கேட்கச் சொன்ன வாய் அது. அந்த நாலு பேரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். "வாங்கய்யா போகலாம். காட்டுக் கதவை வாசிக்கவா கம்பெனி வெச்சிருக்கேன்?"

பாவாயி ராசப்பனைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

ஆனால் அப்புச்சியைப் பிடித்திருந்த பருத்த விரல்காரர் நகரவில்லை. "நீங்க முன்னால போங்க முதலாளி. நேத்து நான் வாசிச்சது ஜெர்மனியை இல்ல, இதைத்தான். இன்னொரு தரம் வாசிச்சுட்டு வர்றேன்" என்றார். மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, குட்டியையும் அக்காவையும் அம்மாயியையும் எடுத்துக்கொண்டார்கள்.

தகரக்குழாய்க்காரருக்கு முறை முறைதான். குழாயை உயர்த்தி, "எந்த ஊர்ச் சரக்கு?" என்றார். மாதேஸ்வரன் தலை நிமிரவில்லை. குழாய்க்காரர் மறுபடியும் கேட்டார். கூட்டம் முழுக்கக் காத்திருந்தது.

ராசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாவாயி பக்கத்தில் வந்து நின்றான். "நீ சொல்லு புள்ள" என்றான். "உன் வாக்கு."

பாவாயி மேடைக்குக் கீழே போய் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "கொல்லிமலைங்க. கரையங்காட்டுப்பட்டி. செஞ்சது எங்க ஊட்டுக்காரரு ராசப்பன். மரம் எங்க ஊருங்க, ஊடு ஊடாக் குடுத்தது."

"கொல்லிமலை! கரையாம்பட்டி!" என்று முழங்கினார் அவர்.

"சாமி, சாமி, நிறுத்து!" என்று கையைக் காட்டினாள் இருசாயி. "பாதியை முழுங்கிப்புட்டியே. கரையங்காட்டுப்பட்டி. நாங்க எத்தன தூரத்துலருந்து வந்திருக்கறோம், முழுசாச் சொல்லு."

அவர் சிரித்துவிட்டார். குழாயைத் துடைத்து, மூச்சை நன்றாக இழுத்து, ஓர் எழுத்துக்கூட விடாமல் கூவினார். "கொல்லிமலைக் கரையங்காட்டுப்பட்டி! செய்தவர் ராசப்பன்!"

தகரக்குழாயிலிருந்து புறப்பட்டு, ஆர்மோனியங்களையும் கிராமபோன்களையும் தாண்டி, அந்தப் பெயர் கொட்டகையின் கடைசி வரைக்கும் போயிற்று. பொன்னாயி கை தட்டினாள். முத்தன் தன் பேரைச் சொன்னதுபோல மீசையைத் தடவிக்கொண்டான். ராசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், காது மடல் சிவந்துபோயிருந்தது. பேரு போனாப் போகுது என்றவன்தான்!

நாலு பேரும் வாசிக்கத் தயாரானார்கள். இருசாயி அப்புச்சியின் முதுகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"கையை எடுத்துக்கங்கம்மா. கை இருந்தா சத்தம் அமுங்கிரும்" என்றார் பருத்த விரல்காரர்.

"ஒரு வாட்டி சாமி. ஒரே வாட்டி, இப்படியே வாசி. அப்புறம் எடுத்துக்கறேன்."

அவர் மறுக்கவில்லை. தடித்த கம்பியை ஒரு தரம் இழுத்து விட்டார். 'தோம்' என்று எழுந்து அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. இருசாயி வெடுக்கென்று கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். சத்தம் தடையில்லாமல் விரிந்து கொட்டகையை நிறைத்தது. அதன் மேல் அம்மாயி சேர்ந்தாள், அக்கா சேர்ந்தாள், குட்டி எல்லாருக்கும் மேலே துள்ளி ஓடியது. வாசல் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளிப்பூண் குடை ஒன்று போகாமல் நின்றுகொண்டிருந்ததைப் பாவாயி பார்த்தாள். வந்தாலும் சரி, போனாலும் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

வாசிப்பு முடிந்து ஆரவாரம் அடங்கியதும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சேலத்துப் பெண் ஒருத்தி இருசாயியிடம் ஆற்றாமையாகக் கேட்டாள். "ஏனுங்கம்மா, கதவைக் கழட்டிக் குடுத்துட்டு ஊட்டைத் தொறந்தா போட்டுட்டு வந்திருக்கீங்க? திருட்டுப் போவாதுங்களா?"

இருசாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாசக்கணக்காகக் கிணற்றடியில் திருப்பிச் சொல்லாமல் வைத்திருந்த பதில் அவளிடம் தயாராக இருந்தது போலும்.

"அங்க என்ன கண்ணு இருக்குது திருட?" என்றாள். "எங்கூட்டுல இருந்த ஒரே சொத்து இந்தா சேலத்துல நின்னு பாடுது."

பாவாயி அழுதாள். முந்தானையால் மூடிக்கொள்ளவும் இல்லை, யார் பார்த்தால் என்ன என்று நின்று அழுதாள்.